மோட்டார் சுற்றிய காற்றாலை

வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வந்து போகும் ஆசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டில் விடுதி நடத்துபவர் அவர். கனத்த உடம்பு, கசங்காத வெள்ளைச் சட்டை. யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். விடுதியின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடியேதான் பேசுவார்.

நான் வடிவமைத்த சிறிய காற்றாலையைச் சோதிக்க அவருடைய மொட்டை மாடியைக் கொடுத்திருந்தார். பம்பரம் போல நின்றபடி சுற்றும் வகை அது. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் சுற்றும்.

ஒரு நாள் காலையில் தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை. என் காற்றாலை மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாடிக்கு ஓடிப் பார்த்தேன். அடியில் ஒரு மோட்டாரை மாட்டி, கரண்டில் சுற்ற விட்டுவிட்டு, வேலையாட்களோடு பக்கத்தில் நின்றிருந்தார் விடுதிக்காரர்.

“என்னங்க இது? என் டெஸ்ட்டே பாழாப்போச்சே!”

“வெள்ளைக்காரங்க போட்டோ எடுக்கறாங்க. சும்மா நின்னா அசிங்கமா இருக்குது. சுத்தணும், அவ்ளோதான்.”

“இது கரண்டு எடுக்கறதுக்குங்க. கரண்டைத் திங்கறதுக்கு இல்ல.”

“அப்ப உன் தகரத்தைக் கழட்டிக்கினு கெளம்புயா. இந்தப் பக்கமே வராத.”

சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். நான் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றக் கழற்ற, அவர் கீழிருந்து திட்டிக்கொண்டே இருந்தார். படித்த முட்டாள் என்றார், ஏமாற்றுக்காரன் என்றார். நானும் விடாமல் பதில் சொன்னேன். இறக்கைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன். வேலையாட்கள் ஒதுங்கி நிற்க, ஏணியை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தவர் அவர்தான்.

என் கால் தரையில் பட்ட பிறகே கையை எடுத்தார். திட்டுவதை அப்போதும் நிறுத்தவில்லை.

அவரை எனக்கு இன்றும் பிடிக்காது. அன்று ஏன் ஏணியைப் பிடித்தார் என்பதும் புரியவில்லை.