கண்ணாடியின் உட்புறம்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது மகள் படுக்கும் அறையின் யன்னல். கண்ணாடி முழுவதும் வெள்ளையாக மூடியிருந்தது. எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டு விளக்கு அதற்குள் ஒரு மஞ்சள் கறை. மேலே நின்ற துளிகள் சேர்ந்து, கனத்து, கோடாக இறங்கின. கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெளியே மழை இல்லை. தண்ணீர் உட்புறத்தில் இருந்தது.

மார்கழி மாதம். வெள்ளவத்தையில், கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்தோம். கொழும்பில் குளிர் என்று சொன்னால் மலையகத்துக்காரர் சிரிப்பார்கள். ஆனாலும் அந்த மாத விடியலில் கண்ணாடியைத் தொட்டால் விரல் சில்லிடும். ஆறு வயது மகளுக்கு முட்டு தொடங்கியிருந்தது. மூச்சை விடும்போது நெஞ்சுக்குள் மெல்லிய விசில் கேட்கும்.

பனி பட்டால் முட்டுக் கூடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நானும் மனைவியும். எனவே பின்னேரம் நாலு மணிக்கே யன்னலைப் பூட்டினோம். கீழ் இடுக்கில் பழைய சாரத் துண்டை அடைத்தோம். மாலையில் நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த பானையை அறைக்குள் கொண்டுவந்து, ஆவி வீணாகாமல் கதவையும் சாத்தினோம். பகலெல்லாம் மழை என்பதால் தோய்த்த உடுப்புகளும் அதே அறையில், கொடியில் தொங்கின.

காலையில் கண்ணாடி துடைப்பது என் வேலை. நான் வேலை செய்யும் பத்திரிகையின் முந்தின நாள் தாளைக் கசக்கித் துடைப்பேன். முதல் கிழமை ஒரு தாள் போதுமாயிருந்தது. மூன்றாம் கிழமை நாலு தாளும் ஊறி, மை கையில் ஒட்டியது.

“அப்பா, யன்னலுக்கும் வேர்க்குதோ?” என்று மகள் கேட்டாள்.

“ஓம். அதுக்கும் காய்ச்சல்.”

“அப்ப அதுக்கும் ஆவி பிடியுங்கோ.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நிற்க நேரம் எடுத்தது.

பம்பலப்பிட்டியில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே, “வீட்டில ஈரம், பூஞ்சணம் ஏதும் இருக்கோ?” என்று கேட்டார்.

“இல்லை டொக்டர்,” என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். கூரை ஒழுகவில்லை, குழாய் கசியவில்லை. கண்ணாடித் தண்ணீரை நான்தான் தினமும் துடைத்துவிடுகிறேனே.

மருந்து மூன்று நாள் கேட்டது. பிறகு விசில் திரும்பி வந்தது. நாங்கள் ஆவியைக் காலையிலும் பிடிக்கத் தொடங்கினோம். அலுமாரிக் கதவு ஊதி, இழுத்தால்தான் திறந்தது. பள்ளிச் சப்பாத்தின் உட்பக்கம் பச்சையாகியிருந்தது. அறையில் ஈரச்சாக்கு மணம். யன்னலைக் கொஞ்சம் திறந்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

“இஞ்சருங்கோ, பனி உள்ள வந்து பிள்ளைக்கு இன்னும் இழுக்கட்டுமோ?” என்றாள் மனைவி. “பேப்பர்க்காரருக்கு ஊர்ப் புதினமெல்லாம் தெரியும். வீட்டுப் புதினம் ஒண்டும் தெரியாது.”

நான் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, மகளின் தலைக்கிளிப் கட்டிலுக்குப் பின்னால் விழுந்தது. எடுப்பதற்காகக் கட்டிலை இழுத்தேன். யன்னலுக்குக் கீழே, கட்டில் மறைத்திருந்த சுவர் கறுப்பாக இருந்தது. முதலில் நிழல் என்று நினைத்தேன். கிட்டப் போனபோது புள்ளிகள், புள்ளிகள் சேர்ந்த திட்டுகள், அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் மென்மையான மயிர். நிலத்திலிருந்து ஏறி, அவளுடைய தலையணை இருக்கும் உயரத்துக்கு மேலும் ஒரு சாண் போயிருந்தது. துடைக்காத தண்ணீர் எல்லாம் சட்டத்தின் பின்பக்கமாக அங்கேதான் இறங்கியிருக்கிறது.

வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்துச் சுவரை உரஞ்சினேன்.

“உதை இப்ப தொடாதேங்கோ. பிள்ளை இருக்கு,” என்று, உரஞ்சும் சத்தம் கேட்டு, குசினி அடுப்படியிலிருந்து மனைவி கத்தினாள்.

அதற்குள் நாலைந்து இழுப்பு இழுத்துவிட்டேன். கறுப்புத் தூள் எழும்பி யன்னல் வெளிச்சத்தில் நின்றது. யன்னல் பூட்டியிருந்தது. மகள் கட்டிலில் இருந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணித்தியாலத்துக்குள் மூச்சு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய கழுத்துக் குழி உள்ளே போனது. “அப்பா” என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லுக்கு மூச்சுப் போதவில்லை. த்ரீவீலரில் மனைவி அவளை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். உதடு நிறம் மாறுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே போனேன். மாறியது.

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு, தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். பிள்ளைகள் வார்டில் தாய் மட்டும்தான் தங்கலாம். நான் வீட்டுக்கு வந்து பானையை வெளியே வைத்தேன், கொடியை அறுத்தேன், யன்னலை விரியத் திறந்தேன்.

ஐந்தாம் நாள் அவளை வீட்டுக்கு விட்டார்கள். மருந்துத் துண்டில், இன்ஹேலர் காலை இரண்டு தரம், மாலை இரண்டு தரம் என்று இருந்தது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதியிருக்கவில்லை.