ஒரு பக்கம் சாய்ந்த லோஞ்ச்

மூதூர்ப் பக்கத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்த அரசாங்கப் பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சைக்கு நிலையம் கிடையாது. பிள்ளைகள் லோஞ்ச் என்ற இயந்திரப் படகில் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போகவேண்டும். அந்த வருடம் பதினொரு பேர்: ஆண் ஏழு, பெண் நான்கு. கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு நீந்தத் தெரியாது.

மார்கழி மாதம், வாடைக்காற்று. காலை லோஞ்சைத் தவறவிட்டால் பரீட்சை போய்விடும். லோஞ்சில் அடித்திருந்த பலகையில் நாற்பது பேர்தான் ஏறலாம் என்று எழுதியிருந்தது. நான் எண்ணியபோது ஐம்பத்தெட்டு. அது போக மூன்று ஆடு, ஒன்பது தேங்காய் மூட்டை. பிள்ளைகளை இறக்குவோமா என்று யோசித்து முடிப்பதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

நடுக்குடாவில் அலை எழும்பியது. பிள்ளைகளை எண்ணினேன், பத்து. மறுபடி எண்ணினேன், பத்துதான். ஒருவன் தலைசுற்றி, ஆட்டுக்குப் பின்னால் குனிந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் என்ர பக்கம் வாங்கோ, எண்ண வேணும்!" என்று கத்தினேன்.

சொன்னதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள். பதினொரு பேரும் எழுந்து வந்தார்கள். அதைக் கண்டு, ஏதோ நடந்துவிட்டதென்று மற்றவர்களும் என் பக்கமே நெருக்கினார்கள். லோஞ்ச் சாய்ந்தது. விளிம்பைத் தாண்டி வந்த தண்ணீர் என் சப்பாத்துக்குள் புகுந்தது.

"ஆரது? சாகப் போறியளோ!" சுக்கான் பிடித்திருந்தவர் கத்தினார்.

அதற்கு முந்தின வாரம்தான் இந்தப் பிள்ளைகளுக்குப் புவியீர்ப்பு மையத்துக்குக் கரும்பலகையில் படம் கீறியிருந்தேன்.

என் வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் இருப்பவள், மீன்பிடிக்காரர் ஒருவரின் மகள், குரல் கொடுத்தாள்: "ஒருத்தரும் நிக்காதையுங்கோ! கீழ குந்துங்கோ! ஓரத்தில இருக்கிற ஆக்கள் ஒவ்வொராளாத் தவண்டு அங்கால போங்கோ!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "சேர், நீங்களும்தான்."

குந்தினேன். லோஞ்ச் மெல்ல நிமிர்ந்தது.

"சேர் எண்ணி முடிச்சிட்டாரோ?" என்று ஆட்டுக்காரர் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒன்பது மணிக்குப் பதினொரு பேரும் மண்டபத்துக்குள் போனார்கள். விஞ்ஞானப் பரீட்சை முடிந்து வந்த அந்த மீன்பிடிக்காரர் மகளிடம், புவியீர்ப்பு மையத்தில் கேள்வி வந்ததா என்று கேட்டேன்.

"வந்தது சேர். கேள்வி விளங்கேல்ல. விட்டிட்டன்."

ஐந்து பேர் சித்தியடைந்தார்கள். ஒருத்தி தாதியானாள், ஒருவன் தபாற் கந்தோருக்கு வேலைக்குப் போனான். அந்தப் பாடசாலை இல்லாவிட்டால் அவர்களுக்கு அது கிடைத்திராது. அவள் சித்தியடையவில்லை.

பாடசாலையை விட்டு விலகும் பிள்ளைகளுக்கு விடுகைப் பத்திரம் நிரப்புவது என் வேலை. அதில் 'விசேட திறமைகள்' என்று ஓர் இடம் உண்டு. ஊரில் லோஞ்சுக் கதை அடிபட்டு ஓய்ந்திருந்தது. அவள் லோஞ்சைக் காப்பாற்றியது கடதாசியில் ஏறினால், பிள்ளைகளை ஒரே பக்கம் கூப்பிட்டது யாரென்று கல்விக் கந்தோர் கேட்கும். எனக்கு உத்தியோகம் நிரந்தரமாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவளுடைய பத்திரத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு கீறினேன்.

பத்திரத்தை வாங்க வந்தவள் கோட்டில் விரலை வைத்தாள். "இதுக்கு என்ன கருத்து, சேர்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றேன்.

"ஓம் சேர்" என்று நாலாக மடித்துக்கொண்டு போனாள்.