அக்காவின் பாதி

மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக்கு அலைந்த களைப்பில், நானும் அக்காவும் அவளுடைய கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் யாரோ மல்லாட்டை உரித்துக் கடலையைத் தின்றார்கள். சின்ன வயதில் எங்கள் ஆங்கில அகராதியும் அதே வாசம்தான் அடிக்கும். நாங்கள் அதற்குச் சண்டை போட்டதால், நைனா அதை இரண்டாகப் பிரித்து, மல்லாட்டை மூட்டை தைக்கும் கோணி ஊசியாலேயே தைத்துக் கொடுத்தார். எம் வரைக்கும் முன்பாதி அக்காவுக்கு, பின்பாதி எனக்கு. செஞ்சி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும்போது அக்கா தன் பாதியை வரிசையாக மனப்பாடம் செய்வாள்.

“எம், ஏ, எல்னு ஆரம்பிக்கிறது முக்கால்வாசி கெட்டதாவே இருக்குதுடி” என்று ஒருநாள் சலித்துக்கொண்டாள்.

ரிப்போர்ட் வந்தது. அந்த மூன்று எழுத்தில் தொடங்கிய வார்த்தையை விரலால் மறைத்தேன். அக்கா என் விரலை மெல்ல நகர்த்தினாள்.

“இது என் பாதிடி. என்கிட்டயே இன்னாத்துக்கு மறைக்கிற?”