ரொட்டி அத்தை வேறு ஊருக்குப் போன கதை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் ‘பழசு’ என்று பெயர். வயதைப் பார்த்து வைத்ததல்ல. ஆளுக்கு மீசையில்கூட இன்னும் சரியாக நரை தட்டவில்லை. வாயால் தேடிக்கொண்ட பெயர் அது. பழைய வீடியோ கேம்களைப் புதுசாக்கி மறுபடியும் கொண்டுவருகிறார்களே, அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் போதும், மனிதர் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். “பழசு பழசுதான்ப்பா. அதைத் தோண்டி எடுத்து பெயிண்ட் அடிச்சு நிக்க வச்சா அதுவாயிடுமா?” என்பார். அப்புறம் அரை மணி நேரத்துக்கு அவரை நிறுத்த முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பிழைப்பே பழசைப் புதுசாக்குவதுதான். பழைய கட்டடங்களில் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட்டைக் கழற்றி, அதே குழியில், அதே தண்டவாளத்தில், புதுப் பெட்டியும் புது பேனலும் மாட்டிக் கொடுப்பார். மாட்டின மறுநாளே குடியிருப்பவர்கள் வந்து நிற்பார்கள். பழைய லிஃப்ட்டில் மாடி வந்ததும் ஒரு சின்னக் குலுக்கல் குலுக்குமே, அது எங்கே போயிற்று என்று கேட்பார்கள். “அதுல மாட்டிக்கிட்டு உள்ளயிருந்து கத்தினதெல்லாம் இவங்களுக்கு மறந்துபோச்சு” என்று அவரே தலையில் அடித்துக்கொள்வார். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற ஆள் கேம் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று கூட வேலை பார்க்கிற கூட்டாளிக்கு விளங்கவே இல்லை.

அது அடம் இல்லை, பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, அவர் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்துக்குப் போக வேண்டும்.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத வருஷம் அது. அவனுக்குப் பன்னிரண்டு வயது, தங்கச்சிக்கு ஏழு. அப்பா லாரி ஓட்டுகிறவர். பிள்ளைகள் இரண்டும் பேயறைந்த மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், யாரிடமோ சொல்லிவைத்து ஒரு பழைய கேம் பெட்டியும் அதற்கு ஒரே ஒரு கேமும் கொண்டுவந்து போட்டார். கேம் என்றால் சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை. நாலு பேர் ஊர் ஊராக நடந்து போய், அணைந்துபோன விளக்குக் கோபுரங்களை ஏற்ற வேண்டும். வழியில் வீடுகளுக்குள் நுழைந்து பேச வேண்டும், கடையில் சாமான் வாங்க வேண்டும், சத்திரத்தில் தூங்கி எழ வேண்டும். திரை முழுக்க எழுத்து எழுத்தாக வந்துகொண்டே இருக்கும். அந்த எழுத்தோ எந்த நாட்டு எழுத்தோ, வீட்டில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது.

“என்ன போட்டிருக்கு அண்ணா?” என்று கேட்டாள் தங்கச்சி.

“இரு, படிக்கிறேன். எங்க கிளாஸ்ல இது சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றான் அவன். பச்சைப் புளுகு. அம்மா போனதிலிருந்து அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அதற்குத் தெரியாது என்று பதில் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த வாசிப்பு மாசக்கணக்கில் ஓடியது. வாளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறவனுக்குத் தடியன் என்று பெயர் வைத்தார்கள், அவனுக்குக் கரகரப்பான குரல். குதித்துக் குதித்து நடக்கும் வில்லுக்காரி வாலு. மந்திரம் போடுகிற கிழவர் தாடி, அவர் எதைச் சொன்னாலும் இருமிவிட்டுத்தான் சொல்வார். நாலாவது ஆள், முதுகில் ஒரு கூடையோடு பின்னால் வருகிற குண்டுப் பெண். அடிபட்டவர்களுக்கு அவள் கூடையிலிருந்து ரொட்டி எடுத்துக் கொடுத்தால் உயிர்க்கோடு மளமளவென்று நிரம்பும். அவளுக்குத் தங்கச்சிதான் ரொட்டி அத்தை என்று பெயர் வைத்தாள். சண்டையே இல்லாத நேரத்தில்கூட, “தடியனுக்குப் பசிக்குது, அத்தையைக் குடுக்கச் சொல்லு” என்பாள். பெட்டியை அணைத்தால் விளையாடினதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், அணைக்காமலே துண்டைப் போட்டு மூடி வைப்பார்கள். ஒருநாள் கரண்ட் போய் எல்லாம் முதலிலிருந்து வந்தபோது அவள் சாப்பிடாமல் அழுதாள். அவன் அதே கதையை இன்னும் கொஞ்சம் மசாலா சேர்த்து மறுபடியும் சொன்னான்.

பாதிக் கதையில் ரொட்டி அத்தை காணாமல் போனாள். காரணம் அந்த எழுத்தில்தான் இருந்திருக்க வேண்டும், வாசிக்க ஆளில்லை. தங்கச்சி முகம் போன போக்கைப் பார்த்து, “வேற ஊர்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, போயிருக்கா” என்றான். அதற்கப்புறம் ஒரு முகமூடிக்காரன் முளைத்து, இவர்கள் ஏற்றுகிற விளக்கையெல்லாம் பின்னாலேயே வந்து அணைத்துக்கொண்டிருந்தான். கடைசிச் சண்டை அவனோடுதான். கடைசி அடியைத் தான்தான் அடிப்பேன் என்று தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். முகமூடி கழன்று விழுந்தது. எழுத்துப் படிக்கத் தேவையே இல்லை. உள்ளே இருந்தது ரொட்டி அத்தையின் முகம்.

அன்றைக்கு அவன் எதையோ சொல்லி எப்படியோ சமாளித்துவிட்டான். பெரியவளானதும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். அவள் பெரியவளாகி, எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போய், கல்யாணமாகி, ஒரு பெண்ணையும் பெற்றுவிட்டாள். அவன் சொல்லவில்லை. சொல்ல விடாமல் அவளே அடைத்துவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம். அண்ணன் கல்யாணத்தில் மணப்பெண்ணின் காதைக் கடித்து அவள் சொன்ன முதல் விஷயமே, “அண்ணி, எங்க அண்ணன் கேம்ல கதை படிச்சுக் காட்டித்தான் நான் வளந்தேன்” என்பதுதான். தன் பெண்ணைத் தூங்க வைக்க ரொட்டி அத்தை கதைதான் சொன்னாள். அந்தக் கெட்ட வருஷத்தில் அவளுக்கென்று மிஞ்சின ஒரே நல்லது அது ஒன்றுதான் என்று அவர் நினைத்தார். அதுவும் பொய் என்று ஆகிவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்ற கவலைதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

எந்தப் பிசாசு தூங்கட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தாரோ அது எழுந்து வந்தது. ஒருநாள் மொட்டைமாடி மெஷின் ரூமில் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது கூட்டாளி போனை நீட்டினார்.

“பழசு, இது நீ சின்ன வயசுல விளையாடினதுதான? புதுசா வருதாம்.”

அதே கோபுரங்கள். ஆனால் புல் ஆடியது, தண்ணீரில் வானம் தெரிந்தது. கூடையோடு ஒருத்தி பின்னால் நடந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் மெக்கானிக் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். எத்தனையோ வருஷம் கழித்துச் சொந்தக்காரியைப் பார்த்தது போலிருந்தது.

“தமிழ்லயும் எழுத்து வருதாம். இனிமே கதை நல்லாப் புரியும்” என்றார் கூட்டாளி.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். அன்று மாலையே தங்கச்சி போன் செய்தாள்.

“அண்ணா, பாத்தியா? வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழம பெட்டிய எடுத்துக்கிட்டு அங்க வரேன்.”

“அதெல்லாம் வேஸ்ட்டும்மா. கலரக் கொட்டி வச்சிருக்கான். பாட்டு எல்லாத்தையும் மாத்தித் தொலைச்சிருக்கான்.”

“நீ பாத்தியா?”

“பாத்தவங்க சொன்னாங்க. அதுவுமில்லாம இங்க டிவி ரிப்பேரு.”

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி போனுக்குக் கேட்கிற மாதிரியே, “டிவி நல்லாத்தானே ஓடிட்டிருக்கு” என்றார். சிலருக்கு வாய்க்கிற மனைவி அப்படி.

போனை வைத்த பிறகு அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மனைவி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். “இதுக்கா இத்தன வருஷம் எல்லார்கிட்டயும் மல்லுக்கு நின்னீங்க? சொல்லிட வேண்டியதுதானே” என்றார்.

“சொன்னா, அவ கையாலயே ரொட்டி அத்தைய அடிச்சான்னு ஆயிடும்ல.”



ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்தாள். முதல் நாள் அவர் நொட்டை சொல்லிக்கொண்டே இருந்தார். தடியனுக்கு மூக்கு சரியில்லை. வாலு இப்போது குதிக்கவில்லை, நடக்கிறாள். சத்திரத்தில் தூங்கி எழும்போது வரும் அந்தச் சின்னப் பாட்டு முன்பு மணி அடித்த மாதிரி இருக்கும். இப்போது நூறு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள். “தூங்கறவன எழுப்பறதுக்கு எதுக்கு இவ்வளவு ஆளு?” என்றார். ஆனால் முதல் கோபுரத்தில் விளக்கு ஏறி, பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சளாக வெளிச்சம் விரிந்தபோது இரண்டு பேரும் திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள். பழைய கேமில் அது நாலு மஞ்சள் கட்டம்தான். மீதியைத் தாங்களேதான் மனசுக்குள் வரைந்துகொண்டார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வரைந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ளவும் செய்தார்.

இப்படி ஞாயிறு ஞாயிறாகப் போயிற்று. எழுத்து வந்தால் தங்கச்சி சத்தமாக வாசிப்பாள். தாடி உண்மையில் இருமுவதே இல்லை என்று தெரிந்தது. தடியன் ஒரு இளவரசனாம். ஒவ்வொன்றுக்கும் அவள் திரும்பி அண்ணனைப் பார்ப்பாள். “நீ படிச்சது வேற மாதிரி இருந்துச்சே” என்பாள். “அது பழைய கேம், இதுல மாத்திட்டான்” என்று அவர் கூசாமல் சொல்வார். அவள் சிரித்துக்கொள்வாள். ரொட்டி அத்தை காணாமல் போன வாரம் அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார் அவர். அதற்கடுத்த வாரம் தப்ப முடியவில்லை.

கடைசிச் சண்டை. அவரே விளையாடினார், அடியை அவள் அடிக்கக் கூடாது என்று. நல்ல பகல், ஜன்னல் வழியே வெயில் திரையில் விழுந்தது. எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வந்தாள் தங்கச்சி. முகமூடி விழுந்தது. புதுசில் முகத்தை நன்றாகவே செய்திருந்தார்கள், கன்னத்தில் மாவு ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. கீழே எழுத்து வந்தது: விளக்குகளை அணைத்தது நான்தான்.

தங்கச்சி அதை வாசிக்கவில்லை.

“நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே. “எனக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. எல்லாம் நானா சொன்னது. இது மட்டும் படத்துலயே தெரிஞ்சுபோச்சு. நீதான் அவள அடிச்சிருந்த. அத உங்கிட்ட எப்படிச் சொல்றது? ஒயர் லூசாயிடுச்சுன்னு சொல்லிட்டு டிவி முன்னாடி போய் நின்னுட்டேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அப்ப நீ இப்ப மாதிரியா இருந்த? ஒல்லிப்பிச்சான். ஊதினா பறந்துடுவ. நீ முன்னாடி நின்னு எத மறச்ச?”

சமையலறையில் மனைவி சிரித்தது கேட்டது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“முகத்தப் பாத்துட்டியா?”

“நல்லாவே பாத்தேன். அன்னிக்குப் பாத்தது நிஜந்தானான்னு ஒரு தடவ பாத்துடணும்னுதான் இத வாங்கினதே.” அவள் குரலில் கோபம் இல்லை. “எம் பொண்ணு இத முன்னாடியே முடிச்சுட்டா. நீ சொன்ன கததாம்மா நல்லாருக்குன்னா. நான் சொன்னதில்ல, உங்க மாமா சொன்னதுன்னேன்.”

“பாத்துட்டு ஏன் எங்கிட்ட கேக்கல?”

“அப்ப திரும்பாம நின்னுக்கிட்டே அத்தை கதையச் சொன்னியே. என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?”

யோசித்துப் பார்த்தார். கரகரப்புக் குரல் ஞாபகம் இருந்தது, தாடியின் இருமல் ஞாபகம் இருந்தது. அந்த ஒரு நாளில் அத்தையைப் பற்றிச் சொன்னது மட்டும் துடைத்தெடுத்த மாதிரி மறந்துபோயிருந்தது. “இல்லையே” என்றார்.

“எனக்கு ஒரு வார்த்த விடாம இருக்கு. அத்தை தானா போகல, அந்த வேற ஊர்ல இருக்கறவங்க வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. போறதுக்கு முன்னாடி பிள்ளைங்கள ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்னு கேட்டா. சின்னப் பசங்கள உள்ள விடக் கூடாதுன்னு கதவுகிட்ட இருந்தவங்க சொல்லிட்டாங்க. அதனாலதான் சொல்லாமப் போனா. அவ மேல கோவப்படக் கூடாது. இதான் நீ சொன்னது.”

ஆஸ்பத்திரிக் கதவு அவர் கண்முன் வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அதற்கு வெளியே நின்றது, உள்ளே விடாதது, மறுநாள் அப்பா மட்டும் தனியாக வீட்டுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று அம்மா மேல் அந்த வருஷம் முழுக்க அவருக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“அத எனக்கா சொன்ன நீ?” என்றாள் தங்கச்சி. “உன் முதுகு குலுங்கிச்சு. அழுதுக்கிட்டே சொன்ன. நான் பாத்துட்டேன்னு சொன்னா நிறுத்திடுவன்னு தோணுச்சு. அதான் ஒயர் சரியாயிடுச்சான்னு மட்டும் கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“சரியாயிடுச்சுன்னு சொன்ன.”

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தங்கச்சி நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.