தவளையைத் தேடிய ஞாயிறு

அப்பா ஒரு சனிக்கிழமை இரவு இறந்தார். எனக்குப் புதன்கிழமைதான் சொன்னார்கள். நடுவில் நான் ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை, புது மெஷினைப் பழகிவர மூன்று வாரம் ஸ்பெயினுக்கு அனுப்பியிருந்தது. நான் கிளம்பும்போதே அப்பா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தார். குருபரப்பள்ளிப் பக்கத்துக் குவாரிகளில் முப்பது வருஷம் கல் உடைத்தவர். அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது. "போயிட்டு வாம்மா. அங்க என்ன கல்லு வெச்சுக் கட்றாங்கன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். நான் திரும்பும்வரை இருப்பார் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன்.

ஞாயிறு விடுமுறை. கூட வந்த இருவரும் சலமான்கா என்ற பழைய பல்கலைக்கழக ஊருக்கு என்னை இழுத்துப் போனார்கள். பஸ்ஸிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டேன். கட் செய்துவிட்டு மெசேஜ் போட்டான்: "அப்பா படுத்திருக்காரு. போட்டோ அனுப்பு, காட்டறேன்." எனக்குச் சந்தேகமே வரவில்லை. எவ்வளவு பெரிய மக்கு நான்!

ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பேராலயங்கள், சுற்றிலும் வளைவுகள் நிற்கும் பெரிய சதுக்கம், எல்லாம் ஒரே மஞ்சள் கல். எங்கள் கிரானைட்டில் உளி சறுக்கும். இது வெண்ணெய் மாதிரி இடம் கொடுத்திருக்கிறது. அப்பாவுக்காக ஒவ்வொன்றையும் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்தேன். "சுவத்தையே எடுக்கறீங்களே மேடம்" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

பல்கலைக்கழக முகப்பில் நெருக்கியடித்துச் சிற்பங்கள். அவற்றுக்கு நடுவே எங்கோ ஒரு மண்டை ஓடு, அதன்மேல் சின்னதாய் ஒரு தவளை. யாரும் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கிற மாணவன் பாஸாகிவிடுவானாம். எனக்கு இருந்த ஒரே பரீட்சை அப்பாதான். நானே கண்டுபிடித்துவிட்டால் அவர் வீடு திரும்பிவிடுவார் என்று மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டேன். அந்த ஞாயிறு சர்ச் பூசைக்குக்கூடப் போகாதவளுக்குத் தவளைமேல் அத்தனை பக்தி. கழுத்து வலிக்கத் தேடினேன். கண்ணில் பட்டதும் நடுத்தெருவில் குதித்தேன்.

எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தம்பிக்கு அனுப்பினேன். "தவளை எங்க இருக்குன்னு அப்பாவக் கண்டுபிடிக்கச் சொல்லு" என்று எழுதினேன். அங்கே பகல் பன்னிரண்டு, ஓசூரில் மூன்றரை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "காட்டிட்டேன்க்கா."

பயிற்சி முடிந்து புதன்கிழமை பெங்களூரில் இறங்கினேன். தம்பி காரோடு வந்திருந்தான். அத்திப்பள்ளி தாண்டியதும், "நேரா ஆஸ்பத்திரிக்கே விடுடா" என்றேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதான். ஞாயிறு அஞ்சு மணிக்கே அடக்கம் முடிந்துவிட்டதாம்.

"நீ வந்து சேர ரெண்டு நாளாயிடும், கட்டிக்குடுத்த பொண்ணுதானே, பையன் இருக்கான் போதும், வந்தப்புறம் சொல்லிக்கலாம், அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாருக்கா."

ஓசூரில் ஐஸ் பெட்டிக்கா பஞ்சம்? அவன் வெளிநாட்டில் இருந்திருந்தால் மூன்று நாளானாலும் காத்திருப்பார்கள். அதைச் சொல்லிக் கத்தினேன். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "அப்புறம் எதுக்குடா காட்டிட்டேன்னு பொய் சொன்ன?"

"அது பொய் இல்லக்கா" என்றான். "பெட்டிய மூட வந்தாங்க. ஒரு நிமிஷம் இருங்கன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு போட்டோவா அப்பா முகத்துக்கு நேரா புடிச்சேன்."