எடைக்காரர் கழித்த சேவல்கள்

எடைக்காரரைத் தெரியாத கோழி வளர்ப்பாளர் அந்த வட்டாரத்தில் கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேவலையும் பெட்டையையும் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கியவர். பொறுக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தடுப்பூசி போட்ட ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாக நிறுப்பார். கனத்தவை பண்ணைக்கு, இளைத்தவை கறிக்கடைக்கு. மனிதர்களையும் அப்படித்தான் அளந்தார். மாப்பிள்ளை ஒல்லி என்று மகளுக்கு வந்த நல்ல வரனையே திருப்பி அனுப்பிய புண்ணியவான்.

பண்ணையில் ஊசி போடுபவள் அவருடைய கொழுந்தியாள். பாவப்பட்ட அந்தப் பெண்ணுக்குக் கண் இருந்தது. ஊசி போட்டதும் சில கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்கும். இரண்டு மூன்று நாள் தீனியைச் சரியாகத் தொடாது. நோயை எதிர்க்க உடம்பு தயாராகிற நேரம் அது. எடை சற்று இறங்கி, பிறகு ஏறிவிடும். ஊசி உறைக்காத கோழிகளுக்கோ ஒரு கவலையும் இல்லை, தின்று கொழுக்கும். அவள் இரண்டு வகையிலும் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். இளைத்தவற்றில் எதிர்ப்புச் சக்தி நிறைய இருந்தது. கனத்தவற்றில் பேருக்குத்தான் இருந்தது.

"அத்தான், நிறுக்கிற நாளைப் பத்து நாள் தள்ளி வைங்க. ஊசி நல்லா வேலை செஞ்சதைத்தான் வருஷா வருஷம் கடைக்கு அனுப்புறீங்க."

"ராஜா மாதிரி நிக்கிற சேவலை விட்டுட்டு, மூலையில மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கிறதுக்கா நான் தீனி போடணும்?"

"ராஜாதான். கோட்டைக்குக் காவல்தான் இல்லை."

"அவ சொல்றதைக் கேட்டா உங்க கிரீடமா இறங்கிடும்?" என்றாள் அவர் மனைவி.

"அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா?"

"ஒரு நாப்பதையாவது விட்டு வைங்க அத்தான். இந்த இனமே அழிஞ்சிடும்."

அவள் குரல் உடைந்தது. அவருடைய மனம்தான் உடையவில்லை. கழித்தவற்றை அன்றே தம் கையாலேயே வண்டியில் ஏற்றினார்.

எந்த நோய்க்கு ஊசி போட்டார்களோ, அந்த வெள்ளைக் கழிச்சல் நோயே அடுத்த வாரம் வந்தது. ராஜாக்கள் கழுத்தைத் திருகிக்கொண்டு வரிசையாகச் சாய்ந்தன. மருந்து போலி என்று எடைக்காரர் குதித்தார். கால்நடை மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: "இதே மருந்தைத்தான் பக்கத்துப் பண்ணையிலயும் போட்டோம். அங்க முக்கால்வாசி நல்லாத்தான் இருக்கு. உங்க கோழிக்குத்தான் அது ஏறலை."

நோய் வந்த ஒன்பதாம் நாள் கொட்டகையில் இனப்பெருக்கத்துக்கு ஒரு சேவல்கூட மிஞ்சவில்லை. மானம் போனாலும் இனம் போகக்கூடாது என்று அப்போதுதான் ஞானம் பிறந்தது. கறிக்கடைக்கு ஓடினார்.

"நான் அனுப்பினதுல உயிரோட ஏதாவது இருக்கா? என்ன விலைன்னாலும் சரி."

கடைக்காரர் கத்தியைத் துடைத்தார். "எங்க இருக்கும் முதலாளி? ரெண்டு சேவல்தான் கடைசி வரைக்கும் கிடந்துச்சு. அதையும் இப்பத்தான் அறுத்துப் போட்டேன்."

"நோய் ஏதும்..."

"நோயா? பிடிக்கிறதுக்குள்ள என் கையைக் கொத்திக் கிழிச்சிடுச்சுங்க. கறியா இருக்கு. பையில போட்டுத் தரவா?"

பன்னிரண்டு ஆண்டுகள் இனம் காத்த மகானுபாவர் சரி என்று தலையாட்டினார்.