வண்டி பிடித்துக்கொண்ட திருடன்

என் மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதைவிட, ஓட்டாமலே ஓடவிடத் தெரியும் என்பதில்தான் பெருமை. அம்மாவின் தம்பியான அவர், அம்பத்தூரில் ஒரு பட்டறை முதலாளியிடம் டிரைவராக இருந்தார். சரிவு வந்தால் போதும், கியரை நியூட்ரலில் தள்ளி இன்ஜினை அணைத்துவிடுவார். வண்டி தன் கனத்திலேயே உருண்டு போகும். முதலாளி அளந்து போடுகிற பெட்ரோலில் இப்படி மீந்தது கேனில் ஏறி, அத்தையின் கட்டிலுக்கடியில் சேரும். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். அதைத் திருட்டு என்று எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. மிச்சம் பிடிப்பது என்றுதான் அதற்குப் பெயர்.

முதலாளியின் அந்தப் பழைய காரில் சாவித் துவாரம் தேய்ந்துபோயிருந்தது. இன்ஜினை அணைத்தால், குலுங்குகிற குலுக்கலில் சாவி கழன்று காலடியில் விழும். அதனால் அணைத்த கையோடு அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது மாமாவுக்குப் பழக்கமாகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் முதலாளி புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கினார். மாமா அதை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஏழு வயதுக்காரியான என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். சாவியை உருவிக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். கொஞ்சம் திரும்பியது, பிறகு கடக்கென்று நின்றுவிட்டது.

"இன்னா, மாட்டிக்கினியா? இதான் ஸ்டேரிங் லாக்கு. திருடன் வந்து குந்துனா வண்டிக்கே தெரிஞ்சிடும். கெட்டியா புடிச்சுக்கும், உடாது."

"உன்னையும் புடிச்சுக்குமா மாமா?"

"நான் இன்னா திருடனா? சாவி என் கைல கீது பாரு."

சில வாரங்கள்தான் போயிருக்கும். முதலாளியை அழைத்துவரத் தனியாகப் போன மாமாவின் வண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரைச் சரிவில் வளைவு திரும்பாமல் நேரே போய் மரத்தில் மோதியது. மாமாவைத் துணியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு முகத்தைக் காட்டவில்லை.

வண்டியை இழுத்துவந்த மெக்கானிக் அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "எல்லாம் பழக்க தோஷம் அண்ணாத்தே. சரிவுல ஆஃப் பண்ணிட்டு சாவியையும் உருவிகீறாரு. லாக்கு உழுந்துட்ச்சு. சாவி சட்டைப் பையிலதான் கீது."

லாக் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. நேரே அத்தையிடம் போனேன்.

"அத்தே, மாமா திருடனா? வண்டி புடிச்சுக்கிச்சாமே."

ஒப்பாரி சட்டென்று நின்றது. அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அத்தை எழுந்து உள்ளே போனாள், கட்டிலுக்கடியிலிருந்த கேனை இழுத்துவந்து பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். வீடெல்லாம் பெட்ரோல் நெடி, மாமாவின் சட்டையில் எப்போதும் அடிக்கிற அதே நெடி. "இதுக்கா போனே, இந்த எழவுக்கா போனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் நின்றால் மாமாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அன்றைக்கு வந்ததோ அத்தையின் மேல் பரிதாபம்தான். மாமாவைத் திருடன் என்று நான் சொல்லிவிட்டதால் அத்தை அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போய், எனக்குத் தெரிந்த ஒரே நல்ல செய்தியைச் சொன்னேன்.

"அழுவாத அத்தே. மாமா திருடன் இல்ல. சாவி அவரு பையிலதான் இருந்துச்சாம்."

அத்தை என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நான் சொன்னது அவளைத் தேற்றிவிட்டது என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.